ஜெர்சிக்கு மேல் எதுவும் போடக்கூடாது

ஒரு சைக்கிள் அணியின் ஜெர்சியில் மூன்று நிறத்துக்கு மேல் இருந்தால், அந்த அணியில் முடிவெடுக்க ஆள் இல்லை, ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது என்று அர்த்தம். கால்சட்டை கறுப்பாக இல்லாவிட்டால் அந்த அணியைப் பற்றிப் பேசவே வேண்டாம். விளம்பரம் கொடுத்தவரின் பெயர் வயிற்றுப் பக்கம் வரக்கூடாது. ஓட்டுகிறவன் குனிந்ததும் வயிறு மடியும், பெயரில் பாதி காணாமல் போகும். இவையெல்லாம் நடுவரின் கருத்துகள். அவரை யாரும் எதற்கும் நடுவராக நியமித்ததில்லை. வாய் ஓயாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்ததால் சைக்கிள் குழுவில் இருந்தவர்கள் வைத்த பெயர் அது. கேலிக்கு வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில் நிறம் சரிபார்ப்பது அவருக்கு வேலை. வெள்ளை விளக்குப் பொருத்திய ஒரு மேசை, அதன்மேல் நிறுவனம் ஒப்புக்கொண்ட மாதிரித் தாள், பக்கத்தில் இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாள். காய்ச்சல் மாத்திரைப் பெட்டியின் நீலம் ஒரு பொட்டு கூடியிருந்தாலும் கையை உயர்த்துவார், இயந்திரம் நின்றுவிடும். இருபத்தாறு வருடம் இப்படிக் கையை உயர்த்தியே காலம் தள்ளியவர். இயந்திரம் ஓட்டுகிறவர்கள் அவர் தலை தெரிந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவருக்கு அதிலும் ஒரு பெருமை.

வருடம் முழுவதும் விடுப்பைச் சேர்த்துவைத்து, கோடையில் பெரிய சைக்கிள் பந்தயம் மலையேறும் இடத்துக்குப் போய்விடுவார். மூன்று ரயில், ஒரு பேருந்து, அப்புறம் ஒன்பது கிலோமீட்டர் சொந்த சைக்கிளில் மூச்சு வாங்க ஏற்றம். ஒரு கொண்டையூசி வளைவில் இடம் பிடித்து ஐந்து மணிநேரம் வெயிலில் நிற்பார். பந்தயக்காரர்கள் அவரைக் கடந்துபோக நாற்பது வினாடி ஆகும். மற்றவர்கள் யார் முன்னால் போகிறார் என்று பார்க்கும்போது இவர் தையலைப் பார்ப்பார், தோளில் கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்பார். ஊர் திரும்பியதும் இணையத்தில் தன்னுடைய பக்கத்தில் ஒவ்வோர் அணியாகக் கிழித்துத் தொங்கவிடுவார். படிக்கிறவர்கள் முந்நூறு பேர் இருக்கலாம். அந்த முந்நூறு பேரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த சம்பந்தத்தையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக்கழித்தார், பிறகு வருவதும் நின்றுபோயிற்று. அப்பா அம்மா போன பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே தங்கை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு மாடியிலும் ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்ற சிவப்பு அட்டையைத் தன் கையாலேயே மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். அடுத்தவன் மாட்டினேன் என்று சொன்னால் நம்பமாட்டார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னபோது நடுவர்தான் அவரைச் சைக்கிள் குழுவுக்கு இழுத்துவந்தார். மாப்பிள்ளை வேகமாக ஓட்டமாட்டார், ஆனால் ஒரு வாரம் தவறமாட்டார். மச்சானோடு போகிறோம் என்பதே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வருடம் குழுவுக்குப் புது ஜெர்சி. வழக்கம்போல் வரைந்தது நடுவர். மழை விட்ட பிறகு தார்ச்சாலை எப்படி இருக்குமோ அந்தச் சாம்பல், கழுத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, வேறு ஒன்றும் கிடையாது. தான் இதுவரை செய்ததிலேயே இதுதான் உருப்படி என்று அவர் சொன்னார். அது பொய்யில்லை, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்ட, மாப்பிள்ளை மட்டும் தயங்கித் தயங்கி, பின்னால் வண்டி ஓட்டி வருகிறவனுக்கு நாம் கண்ணில் பட வேண்டாமா என்று கேட்டார். முதுகில் ஒரு மஞ்சள் பட்டையாவது வைக்கலாமே என்றார்.

“ஏன் மாப்ளே, ரோடு போடற வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா?” என்றார் நடுவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, மறுநாளே கடைக்குப் போய், ஜெர்சிக்கு மேல் மாட்டிக்கொள்ள மஞ்சளில் பளபளவென்று ஒரு ரிஃப்ளெக்டர் கோட் வாங்கிவந்துவிட்டாள். நடுவர் அன்றைக்கே குழுவில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார், ஜெர்சிக்கு மேல் எதுவும் போடக்கூடாது என்று. யாருக்காக அனுப்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புது ஜெர்சி போட்டுக் குழுப்படம் எடுக்கவேண்டிய காலை நல்ல மூடுபனி. நடுவர் தங்கை வீட்டு வாசலில் நின்று மணியடித்தார். தங்கை தன் கையாலேயே கோட்டின் ஜிப்பை இழுத்துவிட்டு அனுப்பினாள். குழு கூடும் இடத்துக்கு ஒரு தெரு முன்னால் நடுவர் சைக்கிளை நிறுத்தினார். படத்தில் பத்தொன்பது பேரில் ஒருவர் மட்டும் மஞ்சளாக இருந்தால் படம் படமாகவா இருக்கும், கழற்றுங்கள் என்றார். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். நடுவர் அதை நான்காக மடித்துத் தன் ஜெர்சியின் முதுகுப் பையில் திணித்துக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை.

படம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகக் கை நீட்டினார். அடுத்த நிறுத்தத்தில் தருகிறேன் என்றார் நடுவர். புது ஜெர்சியில் எல்லார் முதுகும் ஒரே வரிசையாகப் போவதைக் கொஞ்ச தூரமாவது பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அவ்வளவுதான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு விலை கொடுத்தது அவர் இல்லை.

கால் மணிநேரத்தில் ஒரு ரொட்டி வண்டி பின்னால் வந்தது. வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் நின்றது. டிரைவர் இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு, ரோடுதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும்.

இடுப்பெலும்பு உடைந்தது, வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது, தலையிலும் அடி. மூன்றாம் நாள் மாப்பிள்ளை கண் விழித்தபோது தங்கை கேட்ட முதல் கேள்வி, கோட் எங்கே என்பதுதான். நடுவர் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு, தான்தான் கழற்றியதாகவும், எங்கே வைத்தோம் என்று ஞாபகம் இல்லை என்றும் சொன்னார். தலையில் அடிபட்டதில் அன்றைய காலை அழிந்துபோயிற்று என்று நடுவர் நினைத்தார். அந்த நிமிடம் அவருக்கு வந்தது நிம்மதிதான், சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது. வெட்கம் என்று ஏதாவது வந்திருந்தால் அது வீடு போய்ச் சேர்ந்து, கோட்டைத் துவைத்து அலமாரிக்குள் வைத்த பிறகுதான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. தங்கை கணவரைத் தூக்கி உட்காரவைப்பாள், தலையணையை முதுகுக்குக் கொடுப்பாள், எல்லாம் செய்துகொண்டே திட்டுவாள். நான் மாட்டிவிட்டதைக் கழற்றும் அளவுக்கு என்ன அவசரம், நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயமா, உயிரைவிட படம் பெரிதாகப் போயிற்றா என்று கேட்பாள். இனி குழிக்குள் இறங்க முடியாது, கம்பெனி அவரை ஒரு மேசையில் உட்கார வைக்கப்போகிறது என்று தெரிந்த வாரம் அழுதுகொண்டே திட்டினாள். மாப்பிள்ளை தப்புச் செய்தவர் மாதிரியே தலை குனிந்திருப்பார். நடுவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் வருவார். கை கழுவும்போது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை தங்கை மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருவர் மட்டும்.

“மாப்ளே, அன்னைக்குக் காலையில...” என்று ஆரம்பித்தார் நடுவர்.

“எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மச்சான்.”

நடுவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“முழிச்ச அன்னைக்கே ஞாபகம் இருந்துச்சு. கிளம்பறப்போ கை நீட்டிக் கேட்டேன், அடுத்த நிறுத்தத்துல தர்றேன்னு சொன்னீங்க. அதுவும் ஞாபகம் இருக்கு.”

அப்படியென்றால் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டார் நடுவர்.

“அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். சொன்னா அதுவும் போயிடும். நான் திட்டு வாங்கிக்கிட்டாப் போச்சு.”

நானே இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார் நடுவர். சொல்லும்போதே, வேண்டாம் என்று இவர் தடுத்துவிட மாட்டாரா என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு. மாப்பிள்ளை அதைக் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். இத்தனை வருடம் மற்றவர்களுடைய தையலையும் கோடுகளையும் பார்த்த மனிதரை, முதல்முறையாக ஒருவர் நிதானமாகப் பார்த்தார்.

“கோட்ட வாங்கி வச்சுக்கிட்டீங்களே, அது எனக்குப் பெருசில்ல மச்சான். போட்டோ நல்லா வரணும்னு நினைச்சீங்க, மனுஷனுக்கு ஆசை இருக்கும். கேட்டதும் கழட்டினது நானும்தான். ஆனா எட்டு வாரம் வந்து சாப்பிட்டீங்க. அவ என்னைத் திட்டத் திட்ட நீங்க ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க. அதை என்னால முழுங்க முடியல.”

நடுவர் எழுந்து நின்றார். உட்காரும்படி மாப்பிள்ளை சொல்லவில்லை.

“இனிமே வராதீங்க. ஒரேயடியா நிறுத்தினா அவளுக்குச் சந்தேகம் வரும், கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்குங்க.”

தங்கை மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஏன் உம்மென்று இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அடுத்த வாரம் மச்சானுக்கு அச்சகத்தில் வேலையாம், வரமுடியாதாம் என்று மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார். ஆமாம் என்றார் நடுவர்.

மாப்பிள்ளை சொன்னபடியே குறைத்துக்கொண்டார் நடுவர். ஒருவாரம் வேலை, ஒருவாரம் தலைவலி, ஒருவாரம் யாரோ வெளியூரிலிருந்து வருகிறார்கள். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வாசலோடு நின்று பழம் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் அதுவும் இல்லை. அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று பலமுறை கிளம்பினார். ஒருமுறை அவள் தெருமுனைவரை போனார். கால் அங்கேயே நின்றுவிட்டது, திரும்பிவிட்டார்.

அடுத்த கோடை தொடங்கும் நேரத்தில் தங்கை அச்சகத்துக்கே போன் போட்டுவிட்டாள். இயந்திரம் ஓட்டுகிறவர் கூப்பிட்டுக் கொடுத்தார். நடுவர் விளக்கு மேசைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார். தன் கணவர் இப்போது கைத்தடி பிடித்து நடக்கிறார், மாடிப்படி மட்டும்தான் சிரமம் என்று ஆரம்பித்தாள். வாரம் தவறாமல் வந்த அண்ணன் நாலு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை என்றாள். கடைசியில் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“சைக்கிள் ஓட்டற வரைக்கும்தான் அவர் உனக்கு மாப்பிள்ளையா அண்ணா? கால் போனதும் வேண்டாதவரா ஆயிட்டாரா?”

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் இந்தப் பழி போய்விடும். அதன் இடத்தில் இதைவிடப் பெரியது வந்து உட்காரும். நடுவர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். நொண்டியாகிப்போனவரைக் கைவிட்ட அண்ணன் என்ற பெயர் பரவாயில்லை என்று பட்டது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இந்த வருஷமும் மலைக்குப் போறேன். டிக்கெட் எடுத்தாச்சு, அந்த அலைச்சல்தான்” என்றார். டிக்கெட் எடுக்கவில்லை. அந்த வருடம் போவதாக எண்ணமே இல்லை.



“போயிட்டு வாண்ணா” என்றாள் தங்கை. “யார் யார் என்ன சட்டை போட்டிருக்காங்கன்னு நல்லாப் பாத்துட்டு வா.”