ஹெப்பா தெரிந்தவர்கள் தேவை

ஜாவா என்று ஒரு தீவின் பெயரைக் கம்ப்யூட்டர் மொழிக்கு வைக்கலாம் என்றால் ஆபீஸ் இருக்கும் ஹெப்பகோடியின் பெயரை வைக்கக் கூடாதா என்று தாரணிக்குத் தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். ஆபீஸ் மாதப் பத்திரிகைக்கு ‘ஹெப்பா: நாளைய மொழி’ என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டாள். அது இரண்டாயிரமாவது வருஷம். பெங்களூரில் மாதத்துக்கொரு மொழி முளைத்தது. முளைத்த மறுவாரமே அதில் ஐந்து வருஷ அனுபவம் உள்ளவர்கள் தேவை என்று விளம்பரமும் வந்தது. அந்தக் கூத்தைத்தான் அவள் நக்கலடித்திருந்தாள். ஹெப்பாவில் ஓர் எண்ணை உள்ளே விட வேண்டுமானால் தெரிந்தவர் யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். தப்பு நடந்தால் புரோகிராம் நிற்காது. தப்பைப் பக்கத்து டிபார்ட்மென்ட்டுக்குத் தள்ளிவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடும்.

படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆள் எடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்ட அனந்தலக்ஷ்மி மேடம் தலைப்பை மட்டும் படித்தார். எந்தப் புது மொழியின் பெயர் காதில் விழுந்தாலும் விளம்பரத்தில் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். அடுத்த புதன்கிழமை பேப்பரில் ‘சி, ஹெப்பா தெரிந்தவர்கள் தேவை, மூன்று வருஷ அனுபவம்’ என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது.

தாரணி அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் மாட்டுகிறார்கள் பார்ப்போமே என்று ஓர் அற்ப ஆசை, வாயை மூடிக்கொண்டாள். இத்தனைக்கும் அவளுக்கு ஆள் நிஜமாகவே தேவைப்பட்டது. அவளிடம் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டார்கள். சி ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஒருத்தர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒருத்தர் கிடைத்தால் போதும். சனிக்கிழமை இன்டர்வியூவில் ஆள் அமையாவிட்டால் அவள் கட்டி வைத்த வேலையெல்லாம் வேறு குழுவுக்குப் போய்விடும் என்று மேனேஜர் வெங்கடராமன் கறாராகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை வந்தவர்கள் எல்லோருக்கும் ஹெப்பா தண்ணீர் பட்ட பாடு. ஒருவன் அதில் ஒரு வங்கியையே நடத்தியதாகச் சொன்னான். இன்னொருவனுக்குப் பழைய பதிப்புதான் பிடிக்குமாம், புதியதில் வேகம் போதாதாம். முதலில் தாரணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதியத்துக்குள் சிரிப்பு வற்றிப் பயம் பிடித்துக்கொண்டது. இவர்களில் யாரைக் கூட வைத்துக்கொண்டு வேலை செய்வது?

சாப்பாட்டு மேஜையில் அனந்தலக்ஷ்மி மேடம் சாவகாசமாகச் சொன்னார்.

“காலைல ஒரு பொண்ணு வந்துச்சும்மா. ஆனேக்கல்காரி. சி எழுதுவேன், ஹெப்பா தெரியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. பேடா தாயி, வேண்டாம்மா, டைம் வேஸ்ட்னு வாசல்லயே அனுப்பிட்டேன்.”

தாரணிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். ஆனேக்கல் பஸ் நினைத்தபோது வருகிற பஸ் அல்ல. ஸ்டாப்பில் பைலை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். தாரணி பெயர் கேட்டாள், சௌம்யா என்று பதில் வந்தது.

“தெரியும்னே சொல்லியிருக்கலாமே? எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க.”

“அவென்யூ ரோட்டுல கடை கடையா ஏறி எறங்கினேன் மேடம். ஒரு புக்கும் சிக்கல. பாக்காததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?” என்றாள் சௌம்யா. “இதுவும் இல்லன்னா திங்கக்கிழமைலருந்து மோட்டார் கம்பெனில கம்பிக் காயில் சுத்தப் போகணும். அண்ணன் சொல்லி வச்சிருக்கு.”

“அந்த மொழியே கிடையாதும்மா. நான் சும்மா தமாஷுக்கு எழுதினது.”

சௌம்யா சிரிக்கவில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்தாள். தாரணிக்கு அவமானமாக இருந்தது. பெரிய மனிதர்களைக் கேலி செய்வதாக நினைத்து எழுதியது. அடி வாங்கியதோ இந்தப் பெண். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சி-யில் கேட்டதற்கெல்லாம் சௌம்யா நிதானமாகப் பதில் சொன்னாள், தெரியாத இரண்டொன்றைத் தெரியாது என்றாள். தாரணி நேரே வெங்கடராமன் அறைக்கு நடந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிளையன்ட்டுக்கு ஹெப்பா டீம் தர்றோம்னு மெயிலே போட்டுட்டேனேம்மா,” என்றார். “சரி, இந்தப் பொண்ணை எடுத்துக்கோ. ஆனா பயோடேட்டால ஹெப்பா இருக்கணும். அது இல்லாம முடியாது.”

சௌம்யா அறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே வந்து தாரணி பக்கம் திரும்பினாள்.

“நீங்கதானே மேடம் உண்டாக்கினீங்க? எனக்குச் சொல்லிக் கொடுங்க. எத்தனை நாள் கத்துக்கிட்டேனோ அத்தனை நாள்னு போட்டுக்கறேன்.”

வெங்கடராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

கேன்டீனில் உட்கார்ந்து தாரணி ஒரு காகிதத்தில் ஹெப்பாவை எழுதிக் காட்டினாள். கட்டுரையில் இடம் போதாமல் விட்டதையும் சேர்த்துக்கொண்டாள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று, சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தால்தான் நிற்கும் என்றாள். அவ்வளவு நேரமும் தலையாட்டிக் கேட்ட சௌம்யா பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை கம்பெனி பஸ் கிடையாதே மேடம். அப்போ ஓட ஆரம்பிச்சா எப்படி நிக்கும்?”

தாரணி காகிதத்தை இழுத்து அந்தச் சுற்றை இன்னொரு தரம் படித்தாள். காலையிலிருந்து அத்தனை நிபுணர்களைப் பார்த்தாயிற்று, ஒருவருக்கும் இப்படி ஒரு கேள்வி எழவில்லை. சந்தோஷமாகப் பேனாவை எடுத்துச் சௌம்யா கையில் கொடுத்தாள்.

“நிக்காது,” என்றாள். “திங்கக்கிழமை வந்து நீயே சரி பண்ணிடு.”