மீன் பேர் வெச்ச ப்ரோக்ராம்கள்

ஊனா, தூங்கிட்டியா? பதில் போடாட்டியும் பரவால்ல. யார்கிட்டயாவது சொல்லணும்டி.

இன்னிக்கு அப்பாவோட டெவலப்பர் மீட்டப்புக்குப் போனேன், அதான் ப்ரோக்ராம் எழுதுறவங்க கூடிப் பேசுவாங்களே, அது. ஓசி பீட்சாவுக்குத்தான். நான் குட்டியா இருந்தப்ப இதே ஹால்ல அப்பா பேசினாரு. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் ப்ரோக்ராம் ஒரே பெரிய மூட்டையா இருந்துச்சாம். அதைக் குட்டிக் குட்டி ப்ரோக்ராமா உடைச்சாரு. ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும்னாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க.

இன்னிக்குப் பேசினது ராஸ்முஸ். அப்பாதான் அவனை கம்பெனில சேர்த்துவிட்டாரு. இப்போ உடைச்சதையெல்லாம் திரும்ப ஒட்டுறதுதான் ஃபேஷனாம். "எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன்"னு ஒரு படம் போட்டான். ப்ரோக்ராமுக்கு ஒண்ணா நூறு பெட்டி, நடுவுல நூடுல்ஸ் கொட்டின மாதிரி கோடு.

"இதைச் செஞ்சவருக்கு சிக்கெடுக்க ஒரு சீப்பு வாங்கித் தரணும்பா!"

ஹாலே சிரிச்சுது. கம்பெனி பேரை அழிச்ச மடையன் பெட்டிங்களோட பேரை அழிக்கல. முய்க்கு, அஹ்வென், ஹௌகி... எல்லாம் மீன் பேரு. அப்பா உடைச்ச ப்ரோக்ராமுக்கெல்லாம் சின்ன வயசுல நான் வெச்சதுடி, ஊனா! அப்பா ஆபீஸ் ஆளுங்க எல்லாருக்கும் அது தெரியும். ஒவ்வொருத்தரா திரும்பி அப்பாவைப் பாத்தாங்க. அப்பாவும் சிரிச்சுக்கிட்டிருந்தாரு, காது மட்டும் செவந்து போச்சு.

பேச்சு முடிஞ்சதும் ஆம்பளைங்க எல்லாரும் மேல்மாடி சவுனாவுக்கு ஆவிக் குளியல் போடப் போனாங்க. போகலேன்னா கோவம்னு நினைப்பாங்கன்னு அப்பாவும் போனாரு. நான் ஆறிப்போன பீட்சாவோட கீழே உக்காந்திருந்தேன். தலை ஈரத்தோட வந்தாரு. ட்ராம்ல ஏறினதும் கேட்டேன்.

"பாஸ் ஏதாவது சொன்னாராப்பா?"

"இஸ்மோவா? நல்லாத்தான் பேசினான். 'இல்போ, அடுத்த மீட்டப்ல நீ பேசுப்பா. நான் செஞ்ச தப்புன்னு தலைப்பு வை. ஜாலியா பேசு, நீ மாறிட்டேன்னு ஆளுங்களுக்குத் தெரியணும்'னான்."

"முடியாதுன்னு சொல்லுங்க."

"திரும்ப ஒட்டப்போற புது டீம்ல யார் யார் இருக்கணும்னு அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணுவானாம்."

"உங்களோடது தப்பாப்பா?"

"ஒரு தடவகூட மொத்தமா விழுந்ததில்லடி." ட்ராம் ஜன்னல்ல படிஞ்ச ஆவியைத் துடைச்சாரு. "பேசறேன்னு சொல்லிட்டேன்."

இப்போ குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாக்குறாரு. என் ரூம் வரைக்கும் கேக்குது. "வணக்கம், நான் இல்போ. அந்தக் குப்பையைக் கட்டினது நான்தான்." கொஞ்சம் நிறுத்துறாரு. அவங்க சிரிக்கறதுக்கு நேரம் விடுறாரு ஊனா! மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குறாரு.

இப்பத்தான் கதவைத் தட்டினாரு. "வெண்லா, எந்த இடத்துல சிரிப்பாங்கன்னு நினைக்கிற?"

அவங்க சிரிக்கலேன்னா வேலை போயிடும். சிரிச்சா அப்பா என்ன ஆவாருன்னு தெரியல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

"குப்பைன்னு சொல்றப்ப"ன்னேன்.

தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனாரு. இப்போ அந்த வார்த்தையை மட்டும் சத்தமா சொல்லிப் பாக்குறாரு.