காதில் விழாதவை

ரம்பக்காரன் தன் பெண்டாட்டியைத் திட்டிய வசவு ஒன்று, அவள் காதில் விழாததால் தரையில் விழுந்தது. செங்கல் அளவு இருந்தது. ஈரத் துருவின் நிறம். உடைந்த ஓடு போல ஓரமெல்லாம் கூர். அவன் வாய்க்கு நேர் கீழே விழுந்து, சிமெண்டுத் தரையைப் பெயர்த்து, ஒருமுறை புரண்டு, இரும்பு வாளியில் மோதி நின்றது. வாளி ஒடுங்கிப்போனது. பெண்டாட்டி அந்த நேரம் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாட்டுப்பெட்டி. அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்த அவனுடைய அக்காதான் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா அது?"

"தெரியலக்கா. வாயிலேர்ந்து வந்துச்சு."

"பல்லா?"

அவன் நாக்கை உள்ளே சுழற்றித் தடவிப் பார்த்தான். பல்லெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

மர மில்லில் அவன் பட்டை ரம்பம் ஓட்டினான். இரண்டு பெரிய சக்கரங்களில் பெல்ட் மாதிரி சுற்றும் பல் வைத்த தகடு அது. மரத்தடியை வண்டியில் ஏற்றித் தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு அறுத்துக்கொண்டு போகும். கோடு விலகாமல் போகிறதா என்று அதன்மேல் குனிந்து பார்த்துக்கொண்டே அவன் பாதி ஆயுளைக் கழித்திருந்தான். அவள் அதே மில்லில் ரம்பத்தூளைக் கூட்டி மூட்டை கட்டுகிறவள். எல்லோருக்கும் அவள் தூள்காரி. கல்யாணமான புதிதில் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். அடுத்த வருஷமே அது 'ஏய்' ஆனது, பிறகு மிருகங்களின் பேர்கள், பிறகு எந்த மிருகத்துக்கும் பொருந்தாத பேர்கள். அடியும் உண்டு. கைக்கு எது எட்டுகிறதோ அது: பெல்ட், கரண்டி, விறகுக்காக மில்லிலிருந்து கொண்டுவந்த பலகைத் துண்டு. அவன் அடிக்க ஆரம்பித்தால் அக்கா எழுந்துபோய் அடுப்பைத் தணித்து வைப்பாள், சட்டியில் இருப்பது தீய்ந்துவிடக் கூடாதென்று. தூள்காரி அடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீக்கம் வடிந்தது, தோல் மூடிக்கொண்டது. சொன்னவைதான் போக மறுத்தன. தூள் கூட்டும்போது, சோறு தின்னும்போது, தலை வாரும்போது எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பித்தன.

பாட்டுப்பெட்டி ரேடியோ ரிப்பேர்காரரிடமிருந்து வந்தது. புருஷன் அவளைக் குறிவைத்து வீசிய செருப்பு தவறி மின்விசிறியில் மாட்டி, விசிறி நின்றுபோயிருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனவள், அவர் மேசையில் ஒயர்களுக்கு நடுவே கிடந்த நீலப் பெட்டியைப் பார்த்தாள். யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன சாமான்.

"எடுத்துக்கோம்மா, சும்மாதான் கிடக்கு," என்றார் அவர். "ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன். இதுல நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு."

"நல்லது என்னண்ணே?"

"பாட்டு கேக்கும்."

"கெட்டது?"

"வேற எதுவும் கேக்காது."

"ரெண்டுமே நல்லதாத்தானே இருக்கு," என்று சொல்லி அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே இருந்த பாட்டுகள் அந்தப் பழைய சொந்தக்காரருடையவை. புரியாத ஏதோ பாஷையில் ஒரு பெண் பாடிக்கொண்டே இருந்தாள். கெஞ்சுகிறாளா, கூப்பிடுகிறாளா, கணக்குத் தீர்க்கிறாளா என்று தெரியவில்லை. தூள்காரிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத ஒரு குரலை அவள் அந்த வீட்டுக்கு வந்தபிறகு கேட்டதே இல்லை.

முதல் கல் விழுந்த பிறகு தினமும் விழுந்தது. ரம்பக்காரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அவனால் முடியவில்லை. விழுந்தவற்றை அக்கா முறத்தில் அள்ளிக் கொல்லையில் கொட்டினாள். ஒருநாள் அவன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். அவள் எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அவன் மறுபடி பிடுங்கினான். இந்த முறை அவள் அவன் கட்டைவிரலை வாயில் வாங்கி, எலும்பு பல்லில் தட்டுப்படும்வரை கடித்தாள். அவன் அவள் தலையைச் சுவரில் மோதினான், அவள் விடவில்லை. சுவரில் ஒரு கறையும் தரையில் ஒரு குட்டையும் ஆன பிறகு அக்கா இருவர் மேலும் தண்ணீரைக் கொட்டிப் பிரித்தாள். ரம்பத்தில் வேலை செய்கிறவனுக்கு விரல்தான் சோறு. அதன்பிறகு அவன் அந்த ஒயரின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

இதற்குள் விஷயம் தெருவில் பரவியிருந்தது. அவளைப் பார்த்துப் பாட்டுப்பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டவர்களின் வீடுகளிலெல்லாம் இதுவே நடந்தது. காது கேட்காதவர்களிடம் சொன்னது மட்டும் ஏன் கல்லாக விழவில்லை என்று முடிதிருத்தும் கடையில் கொஞ்ச நாள் விவாதம் நடந்தது. யாருக்கும் பதில் தெரியாமல் அந்தப் பேச்சு செத்துப்போனது. தையல்காரர் பெண்டாட்டி ஒரு காரியம் செய்தாள். அவர் போட்ட கல்லைக் கூட்டிப் பெருக்கும்போது, இதற்குள் என்னதான் இருக்கிறது என்று காதில் வைத்துப் பார்த்தாள். கல் அவருடைய குரலிலேயே முழுசையும் சொல்லிவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோனது. அவள் உள்ளே போய்ப் பெரிய கத்திரிக்கோலை எடுத்து, மிஷினில் உட்கார்ந்திருந்தவரின் தொடையில் பிடிவரைக்கும் இறக்கினாள். கல்லை இல்லாமல் ஆக்குவதற்கு இப்படி ஒரு வழி இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வழியில் போனவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கல்லைக் கொல்லையிலேயே கிடக்க விட்டார்கள்.

ரம்பக்காரனுக்கு மூளை மெதுவாக வேலை செய்தாலும் வேலை செய்தது. காதில் விழாத சொல்லுக்குக் கனம் இருக்கிறது, கனம் இருந்தால் அடிக்கலாம் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் சொல்லைக் கல் மாதிரி வீச முடியவில்லை. வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நேர் கீழேதான் விழுந்து அவன் கால்விரலையே நசுக்கியது. உயரம் தேவைப்பட்டது. அடுப்படிக்கு மேல் பழைய சாமான் போடும் பலகைப் பரண் ஒன்று இருந்தது. அதில் ஏறிப் படுத்துக்கொண்டு, அவள் கீழே வந்து உட்காரும்வரை காத்திருந்து, தலையை நீட்டித் திட்டினான். முதலில் விழுந்தது அவள் தோள்பட்டையை உடைத்தது. அடுத்தது காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பாட்டு நிற்கவில்லை.

அக்கா துணியைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். கட்டி முடித்து, ஒரு பக்க ஒயரை அவளே எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தச் சனியனைக் கழட்டித் தொலையேன்டி. காதுல வாங்கிக்கிட்டா கல்லா விழாதுல்ல."

"கல்லுன்னா கட்டுப் போட்டுக்கலாம் அண்ணி," என்றாள் தூள்காரி.

அக்கா ஒயரை அவள் காதிலேயே திரும்பச் செருகிவிட்டு எழுந்து போனாள்.

தோள் கூடிய பிறகு தூள்காரி மில்லிலிருந்து ஒரு கைரம்பத்தைக் கொண்டுவந்தாள். அவன் இல்லாத நேரம் பார்த்துப் பரண் பலகையை அடிப்பக்கமாக, கொஞ்சம் மட்டும் மிச்சம் வைத்து அறுத்தாள். தூளை எப்போதும்போலச் சுத்தமாகக் கூட்டினாள். மறுநாள் அவன் நாலைந்து வசவுகளோடு சேர்ந்து கீழே வந்தான். விலா எலும்பு உடைந்தது. முன்பல் இரண்டு அவனுடைய சொந்தச் சொல்லின்மேல் பட்டே தெறித்தன. அதற்குப்பின் அவன் பேச்சு ஓட்டை வழியாகக் காற்றோடு வந்தது. விழுகிற கற்களின் ஓரமும் மழுங்கிப்போயிருந்தது. உயரத்தில் ஏறுவதையும் விட்டுவிட்டான். அப்படியே வருஷங்கள் போயின. கொல்லையில் குவியல் மதில் உயரத்துக்கு வந்து, பக்கத்து வீட்டுக்கு வெயில் படவில்லை என்று சண்டை வந்து, அந்தச் சண்டையில் ஒருவருக்கு மூக்கு உடைந்தது. வீட்டுக்குள் இருவரும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலைக்குப் போனார்கள், பார்க்காமல் திரும்பி வந்தார்கள். பாட்டுப்பெட்டியின் நீலச் சாயம் உரிந்து தகரம் தெரிந்தது. பாட்டுக்காரியின் ஒவ்வொரு மூச்சும் தூள்காரிக்கு மனப்பாடம்.

மில்லில் மட்டுமாவது அதைக் கழற்றி வை என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். ரம்பம் ஓடும்போது எப்படியும் ஒன்றும் கேட்காது, பாட்டையாவது கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள் அவள். மேஸ்திரிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் கத்தினால் கேட்கும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

அடைமழைக் காலம். முற்றத்தில் குவித்திருந்த தடிகள் ஊறிப்போயிருந்தன. குவியலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஆப்பு நழுவி, மேலேயிருந்த பெரிய தடி ஒன்று சரிவில் இறங்கி உருள ஆரம்பித்தது. தூள்காரி அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து தூளை வாரிக்கொண்டிருந்தாள். ரம்பத்தின்மேல் குனிந்திருந்த புருஷன் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் கத்தினான். மில்லில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது, யாருக்காகக் கத்தினானோ அவளைத் தவிர. அதனால் அது அவன் வாயிலிருந்து, மற்றவை வந்தது போலவே, நேர் கீழே விழுந்தது. கீழே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டை அறுந்து, சாட்டை மாதிரி எழும்பி, அவன் கழுத்தை ஒரு பக்கமாகத் திறந்துவிட்டுக் கூரைத் தகரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அதே நேரம் தடி வந்து அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கி நின்றது. அவள் தூளில் ஒரு கன்னம் புதைய விழுந்து கிடந்தாள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரம்பத்துக்கு அடியில் தூள் சிவப்பாகிக்கொண்டே வருவது தெரிந்தது. ஏதோ சிவப்பு மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மயங்கிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். புருஷன் செத்துப்போனதை, அவள் எழுந்து உட்காரும் அளவுக்கு ஆன பிறகுதான் சொன்னார்கள். மில்லில் தடி உருட்டுகிறவன் அவளைப் பார்க்க வந்தான். சாக்குத் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். தேங்காய் அளவு இருந்தது. இழைத்த மரத்தின் வெளிர் நிறம். எந்தப் பக்கமும் ஒரு கூர் இல்லை. பட்டையின் பல் பட்ட இடத்தில் மட்டும் ஒரு கீறல்.

"அண்ணன் சொன்னதுங்க. ரம்பத்துக்கு அடியில கிடந்துச்சு."

"என்னன்னு திட்டினாரு?"

"திட்டல. உங்க பேரைச் சொன்னாரு."

அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரை மட்டுமா?"

"பேரை மட்டும்தான். மில்லு முழுக்கக் கேட்டுச்சு."

"அது அவருக்கு ஞாபகம் இருந்துச்சா," என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் சாக்குத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா அவளைக் கொலைகாரி என்றாள். என் தம்பியை முழுங்கிட்டியே, உன் பாட்டுல மண்ணு விழ, அவன் கத்துனப்ப திரும்பியிருந்தா அவன் இருந்திருப்பானே என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஊன்றுகோலைப் பிடுங்கி அதாலேயே அவள் முதுகில் அடித்தாள். தூள்காரி பாட்டுப்பெட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். வெறும் காதோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒரு கல்கூட விழவில்லை. மழை நிற்கும்வரை இது தினமும் நடந்தது. கடைசியில் ஒருநாள் அக்கா சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி, அடித்த கையாலேயே அவளுக்குச் சோறு போட்டு வைத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு, அந்த வெளிர் கல்லை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள்.

"ஒரு தடவை காதுல வெச்சுக் கேளு. எப்படிக் கூப்பிட்டான்னு எனக்குச் சொல்லு."

"கேட்டா போயிடும் அண்ணி."

அக்கா கல்லில் இருந்த கீறலை விரலால் தடவினாள்.

"சரி, இருக்கட்டும்," என்றாள்.

கொல்லையில் கிடந்த மற்றதையெல்லாம் ரோடு போடுகிறவர்கள் லாரியில் வாரிக்கொண்டு போனார்கள். ரோட்டின் அடித்தளத்துக்கு அதைவிட உறுதியான ஜல்லி கிடைக்காது என்றார்கள். தூள்காரிக்கு மில்லில் உட்கார்ந்து சாக்குத் தைக்கிற வேலை கொடுத்தார்கள். பாட்டுப்பெட்டியை அவள் மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டாள், ஆனால் ஒரு காதில் மட்டும். ஊரில் இப்போது பெரும்பாலும் அப்படித்தான். அரைகுறையாகக் காதில் விழுகிற சொல் கல்லாக விழுவதில்லை, மணலாகக் கொட்டுகிறது. சாயங்காலம் கூட்டித் தள்ளிவிட்டால் தீர்ந்தது. அந்த வீட்டு வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. காற்றுக் காலத்தில் அது அடித்துக்கொள்ளாமல் இருக்க, இரண்டு பெண்களும் அந்த வெளிர் கல்லைத்தான் முட்டுக் கொடுத்து வைக்கிறார்கள். வழுவழுப்பாக இருப்பதால் கால் இடித்தாலும் வலிப்பதில்லை என்கிறாள் அக்கா.