கடைசியாகச் சொன்னது

அயூப் தன் அண்ணன் ஹாஜாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கரண்டியால் கஞ்சித் தண்ணீரை உதட்டில் விட்டான். பாதி கன்னத்தில் வழிந்தது. நான்கு நாளாக விட்டுவிட்டு அடித்த குளிர்காய்ச்சல் அன்று காலை சட்டென்று இறங்கியிருந்தது. அம்மா அதை நல்லதென்று நம்பி அடுப்படிக்குப் போயிருந்தாள். அத்தா ஷௌகத் அலி கடையைச் சாத்திவிட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து வாங்க எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

"அயூப்" என்றான் ஹாஜா. குரல் தெளிவாக இருந்தது.

"சொல்லுண்ணே."

"நான் போயிட்டா ராபியாவ உனக்குப் பேசுவாங்க. ஒத்துக்காத."

"என்ன பேச்சுண்ணே இது? இன்னும் இருவது நாள்ல உனக்கு நிக்காஹ்."

"அந்தப் புள்ளைக்கும் பாவம், உனக்கும் பாவம்." மூச்சு வாங்கினான். "வேலன் நல்ல பையன்டா."

கரண்டி பாயில் விழுந்தது.

வேலன் தேயிலை ஃபாக்டரியில் இலை உலர்த்தும் பரணில் வேலை செய்பவன். அயூபைவிட ஒரு வயது மூத்தவன், பதினெட்டு. போன நோன்பில் ஒருநாள் இருவரும் கடைக்குப் பின்னால் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். வேலன் அயூபின் தோளில் சாய்ந்திருந்தான். மண்ணெண்ணெய் டின் எடுக்க வந்த ஹாஜா பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். மறுநாள் பருப்பு மூட்டையை இறக்கும்போது, "ஜாக்கிரதையா இருடா" என்றான். அவ்வளவுதான். மாமா மகள் ராபியாவின் பெயரைக் கேட்டால் அண்ணன் முகம் மலர்வதை அயூப் பார்த்திருக்கிறான். வேலனை நினைக்கும்போது தன் முகமும் அப்படித்தான் ஆகிறது என்று அவனுக்குத் தெரியும். அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியாது.

எப்போது தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது என்று அண்ணனிடம் கேட்க வாயெடுத்தான். ஹாஜாவின் கண்கள் கூரையைப் பார்த்தபடி நின்றுவிட்டிருந்தன.

அத்தா மருந்துப் புட்டியோடு வந்தபோது அம்மாவின் அழுகை ரோடு வரை கேட்டது.

மய்யித்தைக் குளிப்பாட்டும்போது அயூப்தான் தண்ணீர் ஊற்றினான். அண்ணனின் தோளில், மூட்டை சுமந்து காய்த்த இடத்தில் அவன் கை கொஞ்ச நேரம் நின்றது. கூடலூரிலிருந்து மாமா வந்து சேர்ந்ததும், மூன்று மணிக்கு சிங்கோனாத் தோட்டத்து வழியே சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எஸ்டேட் லயத்து ஆட்களும் சிலர் அடக்கத்துக்கு மையவாடி வரை வந்திருந்தார்கள். வேலன் லீவு சொல்லாமலே வந்துவிட்டிருந்தான். எல்லாரும் மண் தள்ளிய பிறகு அயூபைப் பார்த்தான். அயூப் தலையசைத்ததும் குனிந்து இரு கைகளாலும் மண்ணை அள்ளினான்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமா பாயில் உட்கார்ந்தார். பிறகு அத்தாவிடம் சொன்னார்.

"ஏனுங்க மச்சான், பத்திரிகை எல்லாருக்கும் குடுத்தாச்சு. எம் புள்ளைய இனி யாரு கேப்பாங்க? அயூப்புக்கு ஒரு ரெண்டு வருசம் போகட்டும். இப்ப வார்த்த மட்டும் குடுங்க போதும்."

"அவன் என்ன மாட்டேன்னா சொல்லப் போறான்" என்றார் அத்தா.

"மாட்டேனுங்கத்தா."

இருவரும் அயூபின் பக்கம் திரும்பினார்கள்.

"ராபியாவ எனக்குப் பேசுவீங்க, ஒத்துக்காதேன்னு அண்ணன் சொன்னான். அதான் கடைசியாச் சொன்னது."

"காச்சல்ல ஒளறியிருப்பான்."

"காச்சல் எறங்கிருச்சுங்க. நெனப்போடதான் சொன்னான்."

மாமா முன்னால் நகர்ந்தார். "எம் புள்ள மேல ஏதாச்சும் குறை சொன்னானா?"

"ஐயோ, இல்லீங்க மாமா. அவங்களுக்குப் பாவம்னுதான் சொன்னான்."

"அப்புறம் எதுக்கு? காரணம் சொன்னானா இல்லையா?"

"சொன்னான்."

"என்னன்னு?"

"அது எனக்குச் சொன்னதுங்க."

அத்தா எழுந்த வேகத்தில் கையை ஓங்கிவிட்டார். உள் அறையிலிருந்து அம்மா ஆபிதாவின் குரல் வந்தது. "அவன அடிக்காதீங்க. எம் புள்ள கடைசியாச் சொன்னத யாரும் மாத்த வேண்டாம்."

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நாப்பதாம் நாளுக்கு எங்கள எதிர்பாக்காதீங்கக்கா" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். அம்மா வெளியே வரவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். செருப்புச் சத்தம் ரோட்டில் இறங்கி ஓயும்வரை அவள் அழுததும் கேட்கவில்லை. அத்தா முழங்கால்களுக்கிடையே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து அம்மா வந்து அயூபின் பக்கத்தில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பையன் இன்னும் ரோட்டுல நிக்கிறான். வேலைக்குப் போகச் சொல்லு. பேரு வெட்டிருவாங்க."

அயூப் வெளியே வந்தான். தூறலில் வேலன் பாலத்துச் சுவரை ஒட்டி நின்றிருந்தான். மணிக்கட்டு வரை மண்.

"அம்மா உன்னப் போகச் சொன்னாங்க."

"சரி" என்றான் வேலன். "நீ சாப்ட்டியா?"

அயூபுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ரோடென்றும் பாராமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். வேலன் அவனைத் தொடவில்லை. தொடாமல், போகாமல் நின்றான்.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. அயூப் திரும்பிப் பார்த்தான். இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்திவிட்டு, மற்றதை அவனுக்காகத் திறந்து பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள்.