கவிழ்த்து வைத்த கோட்டை

முனாப்புக்குச் செஸ் விளையாட வராது என்று கம்பனியில் யாரும் சொல்லமாட்டார்கள். நன்றாகவே விளையாடுவான். இருந்தும் சனிக்கிழமை காலை, போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனான். தோற்கடித்தவன் வேறு யாருமில்லை, தங்கை றுக்கியாவின் புருஷன் தாஹிர். தோற்கடித்ததோடு விட்டானா? எழுந்து வந்து தோளில் தட்டி, “நல்லா விளையாடினீங்க மச்சான்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். முனாப் பல்லைக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்க வெகுநேரம் பிடித்தது.

அது அறுபத்து நாலாம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டிருந்த கீழ்க்கரைச் சரக்குக் கம்பனிக்குத் திடீரென்று செஸ் பைத்தியம் பிடித்திருந்தது. உண்மையில் பைத்தியம் பிடித்தது கொழும்பில் இருந்த பெரிய முகாமையாளருக்குத்தான். கம்பனிகளுக்கிடையிலான போட்டியில் இரண்டு வருடமாக மண்ணைக் கவ்விய எரிச்சலில் அவர் ஒரு கடிதம் எழுதினார். திருகோணமலையில் ஒரு சனி ஞாயிறு போட்டி வைக்க வேண்டும். வெல்கிறவனைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வெல்கிறவன் நாட்கூலிக்காரனாக இருந்தால் அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து அவன் நிரந்தர ஊழியன். கடிதம் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்ட அன்று களஞ்சியத்தில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை.

நிரந்தரம் என்றால் என்னவென்று கதிரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு விளங்காது. தாஹிர் ஆறு வருடமாகவும் முனாப் ஒன்பது வருடமாகவும் ஒவ்வொரு காலையும் களஞ்சிய வாசலில் போய் நின்றவர்கள். ஆறரை மணிக்குப் பெரிய கிளாக்கர் ஜவாஹிர் ஒரு கொப்பியோடு வந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. கூப்பிடாவிட்டால் சொந்த ஊரான கிண்ணியாவுக்கு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சில நாட்களில் ஒருவன் முகத்தை நேராகப் பார்ப்பார், பெயர் சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறப்பார், பிறகு கொட்டாவி விட்டுவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவார். காலை நேரத்தில் அவருக்கு அது ஒரு விளையாட்டு. நின்றவர்களும் சிரித்துக்கொள்ள வேண்டும். சிரிக்காதவன் பெயர் மறுநாளும் வராது.

தாஹிருக்கு இப்போது அவசரம் வேறு. றுக்கியாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். “புள்ள பொறக்கிறதுக்குள்ள நானும் அந்த மத்த வாசலால உள்ளுக்குப் போகோணும்” என்று ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருந்தான். மற்ற வாசல் என்றால் நிரந்தர ஊழியர்களின் வாசல். அதில் பெயர் கூப்பிடுவதில்லை.

முனாப்புக்கு அந்தப் பேச்சு காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினமாதிரி இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு றுக்கியாவின் வீட்டைக் கட்டியவன் அவள் ‘நானா’ என்று கூப்பிடுகிற அண்ணன் முனாப். அவனுடைய ஐந்து வருட உழைப்பு கல்லாகவும் சுண்ணாம்பாகவும் ஓடாகவும் போய் அங்கே குந்திக்கொண்டது. வீடு முடிந்ததும் தங்கையின் பெயருக்கு எழுதினான். தாஹிர் புதுச் சாரம் உடுத்துக்கொண்டு வந்து முன் அறையில் குடியேறினான். முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாத முனாப், குசினிக்குப் பின்னால் கூரையைச் சாய்த்து இறக்கியிருந்த பத்தியில் பாயை விரித்தான். அங்கே போ என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் மச்சான்மார் இருவரும் ஊருக்கு நல்ல சோடிதான். ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள். மத்தியானத்தில் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் கரியால் கட்டம் கீறி ஒன்றாக விளையாடுவார்கள். களஞ்சியத்தில் இருபது பேருக்குச் சேர்த்து அப்போது ஒரே ஒரு செட் காய்தான் இருந்தது. அதனால் அங்கே ஒரு வழக்கம் வந்திருந்தது. காலாள் ஒன்று எதிர்க்கரை போய்ச் சேர்ந்தால் அதை ராணியாக்கலாம் என்பது எல்லா ஊருக்கும் பொது விதி. பழைய ராணி இன்னும் சாகாமல் பலகையில் நின்றால் இரண்டாவது ராணிக்கு எங்கே போவது? வெட்டுப்பட்டுக் கிடக்கிற கோட்டை ஒன்றை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, “ராணி” என்று சொல்வார்கள். நிமிர்ந்து நின்றால் கோட்டை, கவிழ்ந்து நின்றால் ராணி. அதைப் பற்றி ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. மத்தியானத்தில் வந்து குந்தி விளையாடுகிற ஜவாஹிரும் எத்தனையோ தடவை கவிழ்த்திருக்கிறார். சனிக்கிழமை முனாப்பைத் தாஹிர் மடக்கியதும் அப்படிக் கவிழ்த்து வைத்த ஒரு கோட்டையால்தான். முனாப் அதை ஒத்துக்கொண்டு தன் ராசாவைச் சாய்த்துவிட்டு எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கம்பனி மண்டபத்தில் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் தாஹிர். மறு பக்கம் ஜவாஹிர். அவருக்கு நிரந்தரம் தேவையில்லை. பிறக்கும்போதே நிரந்தரமாகப் பிறந்தவர் மாதிரித்தான் நடப்பார். ஆனால் ஐந்து வருடமாகக் கம்பனியின் சம்பியன் அவர். வாசலில் நிற்கிற ஒருவனிடம் ஊர் பார்க்கத் தோற்பது என்றால் அவருக்கு உயிர் போன மாதிரி. சனிக்கிழமை ஆட்டங்களை அவரே மேற்பார்வை செய்தார். ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு மட்டும் முகாமையாளர் கொழும்பிலிருந்து ஒரு நடுவரை அனுப்பியிருந்தார். வல்லிபுரம் என்று பெயர், வேலையிலிருந்து இளைப்பாறிய தபால் அதிபர். கையில் விதிப் புத்தகமும் இரண்டு முகம் கொண்ட ஒரு மணிக்கூடும் வைத்திருந்தார். அப்படி ஒரு மணிக்கூட்டை அங்கே யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

தாஹிர் அன்று விளையாடிய விளையாட்டை விளையாட்டு என்று சொல்லக்கூடாது. ஜவாஹிரின் கழுத்தில் கயிற்றைப் போட்டு அங்குலம் அங்குலமாக இழுத்தான். சுற்றி நின்ற இருபது பேருக்கும் மூச்சு விடக்கூட மறந்துவிட்டது. வருடக்கணக்காக அவர்கள் ஒவ்வொருவரும் செய்ய நினைத்ததை ஒருத்தன் பட்டப்பகலில் செய்துகொண்டிருந்தான். மூன்று மணிக்குப் பிறகு தாஹிரின் காலாள் ஒன்று எதிர்க்கரையில் ஏறியது. அவனுடைய ராணியும் உயிரோடு நின்றது. பக்கத்தில் கிடந்த கோட்டையை எடுத்தான், கவிழ்த்து வைத்தான், “ராணி” என்றான், மணிக்கூட்டை அழுத்தினான்.

ஜவாஹிர் அந்தக் கவிழ்ந்த கோட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரித் தன் குதிரையை நகர்த்தித் தாஹிரின் பழைய ராணியைத் தாக்கினார். தாஹிர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கவிழ்ந்த கோட்டையைக் கோணலாக நாலு கட்டம் கொண்டுபோய் ராசாவுக்கு முன்னால் வைத்தான். “முடிஞ்சு சேர்” என்றான்.

“தொட்டது கோட்டை,” என்றார் ஜவாஹிர், நடுவரைப் பார்த்து. “கோட்டை கோணலாப் போகாது.”

தாஹிர் சிரித்தான். “என்ன சேர், பகிடியா? வைக்கக்குள்ளயே ராணி எண்டு சொன்ன நான்.”

“எனக்குக் கேக்கல்ல.”

வல்லிபுரம் புத்தகத்தைத் திறந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், புத்தகத்தை மூடினார். நேர்மையான மனுஷன். “புத்தகத்தின்ர படி கோட்டை கவிண்டாலும் கோட்டைதான், தம்பி. தொட்ட காயைக் கோட்டையாத்தான் நகர்த்தோணும். ஆனால் இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் விளையாடுறவை எண்டால் நான் அதை ராணியெண்டு எடுக்கலாம். இந்தப் போட்டியில முந்தி ஆராவது அப்பிடி வைச்சவையோ?”

இருபது பேர் இருந்த மண்டபத்தில் ஒரு தொண்டைகூடக் கனைக்கவில்லை. ஒருவன் கூரையைப் பார்த்தான். ஒருவன் கால் பெருவிரலைப் பார்த்தான். மற்றவர்கள் ஜவாஹிரின் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டிருந்த கொப்பியைப் பார்த்தார்கள்.

தாஹிரின் முகம் மட்டும் தெளிந்தது. “நேத்து நானே வெச்ச நான் சேர். என்ட மச்சானோட விளையாடக்குள்ள. இந்தா நிக்கிறார், அவரக் கேளுங்க.”

வல்லிபுரம் முனாப்பின் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கோ. உங்களோட விளையாடினவர் எண்டபடியால் உங்கட சொல்லை நான் எடுக்கிறன்.”

முனாப்புக்குக் கொப்பியின் பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பிறகு கேட்டவர்கள் எல்லோரும் அது பயம் என்றுதான் நினைத்தார்கள். பயம் என்றால் மன்னித்து விடலாமே! ஆனால் அந்தக் கணத்தில் அவனுக்கு ஜவாஹிர் கண்ணில் படவே இல்லை. மற்ற வாசலால் உள்ளே போகிற தாஹிர் கண்ணில் பட்டான். தான் மட்டும் தனியாகக் கொட்டாவிக்குக் காத்துக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. முன் அறை கண்ணில் பட்டது. தோளில் தட்டிய அந்தக் கை கண்ணில் பட்டது. அந்தக் கையை ஒரே ஒரு சொல்லால் முறித்துவிடலாம் என்று தெரிந்தபோது அவன் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. அவ்வளவு பெரிய சந்தோஷம் அவனுக்கு அந்த ஒன்பது வருடத்தில் கிடைத்ததில்லை.

“இல்ல சேர்” என்றான். “அப்பிடி ஒண்டும் நடக்கல்ல.” கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அவன் நிற்பாட்டவில்லை. “நேத்து அவர் பழைய ராணியாலதான் வெண்டவர்.”

தாஹிர் கவிழ்ந்த கோட்டையை எடுத்துப் பழைய கட்டத்தில் திரும்ப வைத்தான்.

தொட்ட கோட்டையை அவன் நேராகத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்றுதான். குதிரை வந்து ராணியை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு ஜவாஹிர் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மீதி இருந்த காய்களை ஒவ்வொன்றாக, பேன் பார்க்கிறவர் மாதிரி ஆறுதலாகப் பொறுக்கி எடுத்தார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் பார்வையாளர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ராசா மட்டும் நின்றபோது எல்லோரும் கை தட்டினார்கள், முனாப்பும் தட்டினான். வெளியே வரும்போது ஜவாஹிர் அவன் முதுகில் ஒரு போடு போட்டு, “நாளைக்கு முதல் பெயர் உன்டதான்டா” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கிண்ணியாத் துறையைக் கடக்க, பாதை என்று சொல்கிற தட்டைப் படகில் ஏறியதும் முனாப் மெல்ல ஆரம்பித்தான். “பயந்திட்டன் மச்சான். பெயர வெட்டிப் போட்டா என்ன செய்யிற?”

தாஹிர் அவன் முகத்தைப் பார்த்தான். பலகையைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பானோ அப்படியே, அவசரமில்லாமல், மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். “ஓம்” என்றான். “பயம் எல்லாருக்கும் உள்ளதுதானே.” பிறகு தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். முனாப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு லேசாகக் கழிந்துவிட்டதே என்று நினைத்தான், மடையன்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் வீட்டுக்கு வந்தார்கள். றுக்கியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

“அழாத புள்ள” என்றான் தாஹிர். “நான் கோட்டையக் கவிட்டு ராணி வெச்சது செல்லாதாம், அதால தோத்த. ஆனா உன்ட நானா எனக்காகக் கதைச்சதக் கேட்டிருக்கோணும் நீ! இருவது பேரும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கக்குள்ள இவர் மட்டும்தான் பெரிய கிளாக்கருக்கு முன்னால நின்டு சொன்னவர்.”

முனாப் சட்டென்று தாஹிரைத் திரும்பிப் பார்த்தான்.

றுக்கியா அண்ணனைப் பார்த்தாள். வீட்டை எழுதிக் கொடுத்த நாளில்கூட அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. “நானா...” என்றாள். உள்ளே போய்ப் பாய் விரித்தாள், சோறு போட்டாள். புருஷன் வென்று வருவான் என்று ஆக்கி வைத்திருந்த பாரை மீனின் நடுத்துண்டை எடுத்து முனாப்பின் பீங்கானில் வைத்தாள். “தின்னுங்க நானா” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“என்ன சொன்னீங்க எண்டு அவளுக்குச் சொல்லுங்க மச்சான்” என்றான் தாஹிர். “நடுவர் கேட்டதும் நீங்க சொன்ன கதைய அப்பிடியே சொல்லுங்க. அவள் கேக்கட்டும்.”

முனாப் நிமிர்ந்தான். தாஹிரின் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் முனாப் அவன் காலில் விழுந்திருப்பான். றுக்கியா கையில் அகப்பையோடு, ஈரக் கண்ணோடு, காத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எதைச் சொல்வது? உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் பத்தியும் மிஞ்சாது.

“ஓம் சேர் எண்டு சொன்ன நான்” என்று தொடங்கினான். “நேத்து என்னோட விளையாடக்குள்ளயும் கோட்டையக் கவிட்டுத்தான் ராணி வெச்சவர். நான் அத ஒத்துக்கிட்டுத்தான் தோத்த. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் சேர். பெரிய கிளாக்கரும் அப்பிடித்தான் எண்டு சொன்ன நான்.”

நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. சொல்லி முடிக்க ஒரு வாய்ச் சோறு மெல்லுகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை.

“இவ்வளவு சொல்லியுமா அந்தாக்கள் கேக்கல்ல?” என்றாள் றுக்கியா.

“கேக்கல்ல” என்றான் தாஹிர். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்து, நன்றாக மென்று விழுங்கினான். “வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு அசனாத்தா நிப்பா, கூப்பிடு புள்ள. அவவும் கேக்கட்டும். மச்சான் இன்னொருக்காச் சொல்லுவார்.”

றுக்கியா கையைக் கழுவிவிட்டு வேலியடிக்குப் போனாள்.