ரேடியோ அக்கா காத்திருந்த நான்கு நாட்கள்

ஒரே டீச்சர் நடத்திய அந்தத் தொடக்கப் பள்ளியின் ரேடியோப் பெட்டி, பேட்டரியைக் கழற்றிய பிறகும் பேசியது. பாடத்தில் ரேடியோ அக்கா ஒரு கேள்வி கேட்பாள், மூன்று நொடி விடுவாள், "சரியாச் சொன்னீங்க! எல்லாரும் கை தட்டுங்க" என்பாள். பிள்ளைகள் என்ன உளறினாலும் அதே பாராட்டுதான். சாயங்காலம் பிள்ளைகள் போனதும், டீச்சர் வகுப்பைப் பெருக்கும்போது, அக்கா அவளோடு ஊர்க்கதை பேசுவாள். பள்ளிக்கூடம் பக்கமாகப் போகிறவர்களுக்கு அது பழகிவிட்டது.

அப்படி ஒருநாள் டீச்சர் மனசு விட்டுச் சொல்லிவிட்டாள். பதினோரு வருஷமாக ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு வந்தால், "வீட்ல படிச்சுட்டு வாங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறாள். அவளுக்கே அந்தக் கணக்குத் தெரியாது. "இதுக்கா அழறீங்க? நமக்குள்ளயே இருக்கட்டும் டீச்சர். நானே சொல்லித் தர்றேன்" என்றாள் அக்கா. அன்றைக்கு டீச்சர் வயிறாரச் சாப்பிட்டாள், பாவம்.

மறுநாள் பத்து மணிப் பாடத்தில் அக்கா கேட்டாள்: "அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தா எவ்வளவு? இதுக்கு மட்டும் உங்க டீச்சர் பதில் சொல்வாங்க." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மூன்று நொடி போயிற்று, மதிய மணி போயிற்று, நான்கு நாள் போயிற்று. அதே பாடம் கேட்கும் சுற்றுவட்டாரத்து முப்பது பள்ளிகளின் பெட்டிகளும் டீச்சரின் பதிலுக்காக வாயடைத்து நின்றன. செய்தி இல்லை, மழை அறிவிப்பும் இல்லை. டீச்சர் கையேட்டைப் பார்த்து "ஆறில் ஐந்து" என்றாள். "எப்படி டீச்சர்?" என்றது பெட்டி. அடிப்பாவி! கூடவே இருந்து கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

நான்காம் நாள் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்றாள். "சரியாச் சொன்னீங்க! எல்லாரும் கை தட்டுங்க" என்றாள் அக்கா. பிள்ளைகள் வழக்கம்போல் தட்டினார்கள். பெட்டிக்குள்ளிருந்து முப்பது பள்ளிகளின் கைதட்டலும் கேட்டது. டீச்சருக்கு அவமானத்தில் காது எரிந்தது.

அதன் பிறகும் பத்து மணிக்கு அவள்தான் பெட்டியைத் திருகுகிறாள். பின்னத்தை இப்போது அக்காவே நடத்துகிறாள், டீச்சரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாள். சாயங்காலம் பெருக்கும்போது மட்டும், "டீச்சர், கோபமா?" என்று பெட்டி கேட்கும். அவள் விளக்குமாற்றை மூலையில் சாத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள். பெட்டி விடியும்வரை பதிலுக்குக் காத்திருக்கும்.