முதல் பக்கத்துக் குழி

சுரேந்திரனைப் பொலிஸ் கொண்டுபோய் நாற்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது. பின்னேரம் அவனைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். அந்த யுத்த காலத்தில், கொழும்புக்குப் போனவன் எப்போது வருவான் என்று அவன் மனைவி பிரேமலதா யாரிடம் கேட்பாள்?

எல்லாம் ஒரு நிருபரால் வந்தது. குருவிட்டப் பக்கம் மண்சரிவு பார்க்க வந்தவர் அவர். சரிவில் யாரும் சாகவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போது தோட்டத்து ஓடைக்கரையில் அவள் புருஷன் வெட்டிய குழி கண்ணில் பட்டது. மறுநாள் கொழும்புச் சிங்களப் பேப்பரின் முதல் பக்கத்தில் ‘தேயிலைக்குள் புலிகளின் பதுங்குகுழி’ என்ற தலைப்பு வந்தது. மண் சரியாமல் சுவரில் செருகிய கெக்கில்லப் பெரணி இலை பேப்பரில் உருமறைப்பு ஆனது. தண்ணீர் இறைக்கும் பம்பு, தொலைத்தொடர்புச் சாதனம். வெட்டுமுன் பூமிக்குப் படைத்த தேங்காயும் எலுமிச்சையும், இரகசிய உறுதிமொழிச் சடங்கு.

இரத்தினபுரிப் பக்கம் பிறந்த எவருக்கும் அது மாணிக்கம் தேடிய குழி என்று பார்த்ததும் தெரியும். பிடிக்க வந்த பொலிஸ் சார்ஜனுக்கும் தெரிந்தது. ஒரு பிடி சரளையை அள்ளி விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விலங்கை எடுத்தார். ஆனால் பேப்பரில் வந்த பிறகு அது மாணிக்கக் குழியாக இருக்க முடியாது.

தொழிற்சங்கத் தலைவர் வேலுசாமி காலையிலிருந்து அவளுடனேயே இருந்தார்.

“வாயத் தொறந்துறாத தங்கச்சி. தோட்டத்து மண்ணுல மாணிக்கக் கல்லுக்குத் தோண்டுனோம்னு தெரிஞ்சா தோட்டத் தொரை லயத்து வீட்ட விட்டே வெரட்டிருவாரு.”

“புலின்னா மட்டும் வீட்டுல வச்சிருப்பாராண்ணே?”

“அது நாலு நாள் பேச்சு. வேற எதாச்சும் கெடைச்சா பேப்பர்காரன் மறந்துருவான்.”

“பேப்பர்காரன் மறந்துருவான். பொலிஸு?”



பத்து மணிக்கு நிருபர் சார்ஜனோடு மறுபடி வந்தார். இந்த முறை அவளுடைய படம் வேண்டுமாம். குழிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, சிரிக்க வேண்டாம் என்றார். அவள் சிரிக்கும் நிலையில் இருந்ததாக அவருக்கு எப்படித் தோன்றியதோ.

“புருஷனுக்கு வடக்கில் ஆட்கள் உண்டா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“வடக்கு எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது. அவிசாவளைக்கு பஸ் ஏறுனாலே வாந்தி எடுப்பாரு.” அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

“பயணங்களைப் பற்றிக் கேட்டதும் மனைவி தடுமாறினார்,” என்று முணுமுணுத்துக்கொண்டே நிருபர் எழுதினார். பிறகு குழியை எட்டிப் பார்த்தார். “இவ்வளவு ஆழத்தை ஒரு ஆள் தனியே வெட்ட முடியாதே. கூட யார்?”

“எங்களுக்குத் தெரியாது மாத்தயா,” என்று வேலுசாமி முந்திக்கொண்டார். “அவன் யாரோடயும் சேர மாட்டான். எங்களுக்கே அவன் மேல ஒரு சந்தேகம்தான்.”

நிருபர் மகிழ்ச்சியோடு அதையும் எழுதினார்.

பிரேமலதா சார்ஜனைப் பார்த்தாள். சார்ஜன் தேயிலைச் செடிகளைப் பார்த்தார். வேலுசாமி அவளைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

அவள் சார்ஜனுக்கும் கேட்கும்படி சிங்களத்தில் உரக்கச் சொன்னாள்:

“இது கல்லுக் குழி, மாத்தயா. வெட்டச் சொன்னது இந்தத் தலைவருதான். பாதிப் பங்கு அவருக்கு.”